தாடியருக்கு நாவூறு கழித்த கதை

நான் ஒரு ஓணானுக்கு நாவூறு (கண்ணூறு) கழித்திருக்கிறேன். அதன் பலனாக, கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருந்த அத்தனை பேரையும் மாசி மாதத்துப் பனியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அப்போது நான் இடுப்பில் சாரம் கட்டியிருந்தேன்.

இந்த மூன்றில் எதற்கு அதிகம் வெட்கப்பட வேண்டும் என்று இத்தனை வருடமாகியும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. என் மனைவி வதனி சாரம்தான் என்கிறாள்.

அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. நான் உயர்தரத்தில் விலங்கியல் படித்தவன். தேரை ஒன்றை மல்லாத்திப் படுக்கவைத்து, நாலு காலிலும் ஊசி குத்தி, அதன் குடலை இம்மி பிசகாமல் படமாக வரைந்தவன். (சோதனையில் நான் சித்தியடையவில்லை. தேரைக்கும் அதனால் நன்மை ஒன்றும் கிட்டவில்லை.) ஊர்வன பற்றி யாராவது வாய் திறந்தால் இடையில் புகுந்து திருத்துகிற உரிமை எனக்கு இருப்பதாக அன்று நம்பினேன். அந்த நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் அகதியாகக் கிளம்பியபோது என் மகள் ஆரணி தவழ்ந்துகொண்டிருந்தாள். பேப்பர் எல்லாம் சரிவந்து தாயும் மகளும் இங்கே வந்து இறங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. இடையில் நான் அவளுக்குச் சுவரில் ஒரு படமாகவும், தொலைபேசியில் இரைச்சலோடு வரும் ஒரு குரலாகவும் இருந்தேன். அந்த இரண்டு வேலையையும் நன்றாகவே செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். நேரில் வந்த பிறகுதான் சறுக்கியது.

ஆரணி மரியாதையான பிள்ளை. நான் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பாள். அதைவிட ஒரு தகப்பனை நோகடிக்க வேறு எதுவும் தேவையில்லை. என்னை அவள் எந்தப் பெயராலும் அழைக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை எதுவும் கூப்பிடாமல் நாளை ஓட்டுவது லேசான காரியமில்லை. மிகுந்த திட்டமிடல் வேண்டும். நான் பக்கத்துக் கதிரையில் இருக்க, அவள் தாயைப் பார்த்துச் சொல்லுவாள்:

"அம்மா, சீனி முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ."

வதனி என் பக்கம் திரும்பி, "சீனி முடிஞ்சுதாம்" என்பாள்.

நான் காதில் கருவி மாட்டி மொழிபெயர்ப்புக் கேட்கிற வெளிநாட்டு மந்திரிபோலத் தலையாட்டிவிட்டு, தெப்பனருக்கு இறங்கிப் போய்ச் சீனி வாங்கி வருவேன். (மூலைக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். மளிகைக் கடை என்று சொன்னால் என் மகளுக்கு இப்போதும் சிரிப்பு வரும்.)

ஒருதரம் மட்டும் வாய் தவறி அழைத்துவிட்டாள். வீடு நிறைய ஆட்கள். தட்டத்தில் தேநீரைக் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தவள், என்னிடமும் நீட்டி, "மாமா, தேத்தண்ணி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தாங்ஸ் பிள்ளை" என்று வாங்கிக் குடித்தேன். சீனி சரியாகத்தான் இருந்தது.

அந்த ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம்: ஊரிலிருந்து யாராவது புதிதாக வந்து இறங்கினால் போய்ப் பார்ப்பது. பார்ப்பதென்றால் சும்மா பார்ப்பதில்லை. சோற்றுப் பார்சலோடு, பாவித்த கம்பளியோடு, பிரஷர் குக்கரோடு, குடும்பத்தோடு வந்து பார்ப்பது. புதிதாய் வந்தவர்களைத் தனியே விட்டால் ஏங்கிப் போவார்கள் என்பது எங்கள் கொள்கை. நான் இந்த ஊரில் கால் வைத்த அன்று, பெயர்கூடத் தெரியாத பதினொரு பேர் படுத்திருந்த அறையில் பன்னிரண்டாவதாக எனக்கு இடம் விட்டவர்கள் இவர்கள். அவர்களில் ஒருவர் மணியண்ணை. குளிர்ச் சட்டை தைக்கிற தொழிற்சாலையில் வேலை. ஒரு வருடம் அங்கே தைத்த சாம்பல் நிறச் சட்டைகளில் ஒரு தொகுதிக்கு, முன்பக்கம் இழுத்து மூடுகிற சிப்பைக் கோணலாகப் பூட்டிவிட்டார்களாம். கடைக்காரர் வேண்டாமென்று திருப்பி அனுப்ப, மணியண்ணை அத்தனையையும் காவிக்கொண்டு வந்து எங்கள் ஆட்களுக்குப் பங்கிட்டார். எங்கள் தெருவில் குளிர்காலத்தில் தமிழ் ஆம்பிளைகளை முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. சட்டையோடு வரும் தொப்பியை இழுத்து விட்டால் எல்லோரும் ஒரே ஆள்.

அப்படி, வதனியையும் ஆரணியையும் பார்க்க ஞாயிறு தவறாமல் ஆட்கள் வந்தார்கள். "என்ன பிள்ளை, என்னைத் தெரியுதோ?" என்று ஆரணியின் நாடியைப் பிடித்து நிமிர்த்திக் கேட்பார்கள். அவளுக்குத் தெரியாது. "நான் உன்னைத் தூக்கி வச்சிருந்தனானடி" என்பார்கள். அவள் முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, படம் எடுக்கிறவன் இன்னும் கிளிக் பண்ணவில்லை என்பதுபோல அசையாமல் இருப்பாள். பிறகு எப்போதென்று தெரியாமல் காணாமல் போவாள். தேடினால், வாசலோடு இருக்கிற உடுப்பு அலுமாரிக்குள், தொங்குகிற சட்டைகளுக்குக் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். ஒளித்துப் பிடித்து விளையாடுகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். யாரோடு விளையாடுகிறாள் என்று யோசிக்கவில்லை.

இப்படியிருக்க, குளிர்காலத்துச் சப்பாத்து வாங்க மூவரும் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குப் போனோம். சப்பாத்தைப் போட்டுப் பார்த்து முடிந்ததும் ஆரணியைக் காணவில்லை. பக்கத்துச் செல்லப்பிராணிக் கடையில் நின்றாள். ஒரு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால், சூட்டு விளக்கின் மஞ்சள் வெளிச்சம் முகத்தில் விழ, மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே, ஒரு சாண் நீளத்தில், மண்ணின் நிறத்தில், கன்னமெல்லாம் முள்ளாக ஒரு ஓணான். அவுஸ்திரேலியப் பாலைவனத்து வர்க்கம். பியர்டட் டிராகன் என்று எழுதியிருந்தது. தாடி வைத்த டிராகன். கழுத்துக்குக் கீழே முள்ளுத் தாடி ஒன்று இருந்தது உண்மைதான்.

ஓணான் ஒரு கையை மெல்லத் தூக்கி, வட்டமாகச் சுற்றி, கீழே வைத்தது. ஆரணி சிரித்தாள். இந்த நாட்டுக்கு வந்து அவள் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

சின்ன வயதில் ஈர்க்குச் சுருக்கு வைத்து இதன் ஒன்றுவிட்ட சகோதரர்களைப் பிடித்து நான் செய்த அட்டூழியங்களை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பாவங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்று தண்டம் கட்டினேன் என்று மட்டும் சொல்கிறேன். ஓணான், தொட்டி, விளக்கு, மரக்கட்டை, மண், டப்பா நிறைய உயிருள்ள சில்வண்டு. வதனி கேட்டாள்: "உங்களுக்கு விசரோ? ஊரில வேலிக்கு வேலி ஓடினது."

கடைக்காரப் பெண்மணி, ஓணானைத் தொட்டியில் எப்படிப் பழக்குவது என்று விளக்கினாள். நல்ல பொறுமையான பெண். வெகுநேரம் விளக்கினாள். எல்லாம் கியூபெக் பிரெஞ்சில். நான் இந்த ஊரில் எட்டு வருடமாக ஆம் என்று பொருள்படும் ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல்லை வைத்துச் சீவித்தவன். "உய், உய்" என்றேன். அவள் விரலை நீட்டி ஏதோ எச்சரித்தாள். "உய்" என்றேன். "ஷோ" என்ற சொல் மட்டும் பிடிபட்டது, சூடு. அது போதும் என்று நினைத்தேன். மிச்சத்துக்குத்தான் என் விலங்கியல் இருக்கிறதே.

ஆரணி என் பக்கத்தில்தான் நின்றாள். இங்கே பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்று வரவேற்பு வகுப்பு ஒன்று வைத்து, சில மாதத்திலேயே கதைக்கப் பண்ணிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை.

தொட்டியை வீட்டின் மிகச் சிறந்த இடத்தில் வைத்தேன். வரவேற்பறை, தொலைக்காட்சிக்குப் பக்கம், நாலு பக்கமும் கண்ணாடி, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். புதிதாக வந்தவரை ஒரு மூலையில் தள்ளுவது எங்கள் பண்பாடு இல்லை.

மறுநாளே செய்தி பரவிவிட்டது. "குணம் முதலை வளர்க்கிறானாம்." (குணம் நான்தான்.) ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆரணியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மறுபடி வந்தார்கள்; அவளைப் பார்க்க வராதவர்களும் வந்தார்கள். மணியண்ணை கண்ணாடியில் விரலால் தட்டி, "என்ன தாடியர், சுகமோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதுவே பெயராயிற்று. எங்கள் சனம் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாது.

"தாடியர் சாப்பிட்டவரோ?"

"இல்லை அண்ணை, ஒண்டையும் தொடுறார் இல்லை."

"வாழைப்பழம் குடுத்துப் பாத்தனியோ?"

வாழைப்பழம் கொடுத்தோம். முருங்கையிலை கொடுத்தோம். யாரோ ஒரு அக்கா குழந்தைப் பிள்ளைக்குப் பிசைவதுபோலப் புட்டை மாம்பழத்தோடு பிசைந்து கொண்டுவந்தார். தாடியர் எதையும் தீண்டவில்லை. ஆனால் யார் வந்து குனிந்து பார்த்தாலும் கையைத் தூக்கி மெல்லச் சுற்றிக் காட்டினார். "பாருங்கோ, பாய் காட்டுறார்" என்று எல்லோரும் மகிழ்ந்து திருப்பிக் கை காட்டினார்கள். நான் நடுவில் நின்று, இது இந்த இனத்தின் சமூக வாழ்த்து என்று விளக்கம் கொடுத்தேன்.

(அதன் உண்மையான அர்த்தத்தைப் பிற்பாடு நூலகத்தில் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். "நான் சின்னவன், உங்களோடு போட்டிக்கு வரவில்லை, என்னை விட்டுவிடுங்கள்" என்பது. விமான நிலையத்தில் அதிகாரி முன்னால் நானும் ஏறக்குறைய அதைத்தான் காட்டினேன். எனக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும்.)

தாடியர் சாப்பிடாமல் இருக்க இருக்க நான் உதவியைக் கூட்டினேன். குளிர்கிறதோ என்று சூட்டு விளக்கை இரவும் பகலும் எரியவிட்டேன். அலுப்படிக்கிறதோ என்று ரேடியோவைப் பக்கத்தில் வைத்தேன். சில்வண்டுகள் போதவில்லையோ என்று டப்பாவை முழுதாகக் கவிழ்த்தேன். அவை தாடியரின் முதுகில் ஏறி நின்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மூடி இடுக்கால் வெளியேறி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நிரந்தரமாகக் குடியேறின. (அவற்றுக்கு அகதி விசாரணை எதுவும் இருக்கவில்லை.) ஒருநாள் காலையில் பார்த்தேன்: தாடியரின் தாடி கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. உடல் தட்டையாகிக் கட்டையோடு ஒட்டிக் கிடந்தது.

எனக்குப் பயம் பிடித்தது. ஒரு ஓணான் செத்தால் செத்ததுதான். ஆனால் இது வெறும் ஓணான் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரணி இப்போதெல்லாம் அலுமாரிக்குள் போவதில்லை. தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, அதைப் பாராமல் பக்கவாட்டில் திரும்பி இருந்துகொண்டு வீட்டுவேலை செய்வாள். இடைக்கிடை தாடியருக்கு ஏதோ சொல்லுவாள். பிரெஞ்சிலா தமிழிலா என்று எனக்குக் கேட்காது. நான் இருந்த அறையில் அவள் தானாக வந்து இருந்தது அதுவே முதல் தடவை. இந்த நாட்டில் அவளுக்குப் பிடித்துப்போன ஒரே உயிரை, நானே வாங்கி, நானே கொன்றுவிட்டால், அதன் பிறகு என்னை அவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்ற கேள்வியே எழாது.

அன்று பின்னேரம் அவள் தாயிடம் சொன்னாள்: "அம்மா, அதைப் பாக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"பாக்க வேண்டாமாம்" என்றாள் வதனி.

"பாக்காமல் எப்பிடி வளர்க்கிறது?" என்றேன் நான். விலங்கியல் மாணவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மணியண்ணை குடும்பமும் வேறு ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். கீழ்மாடியிலிருந்து செல்வமக்காவும் ஏறி வந்தார். செல்வமக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டடத்தில் எந்தத் தமிழ் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் தகவல் அவருக்குத்தான் போகும். தாடியரைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"தம்பி குணம், இதுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாவூறு."

"அக்கா, இது ஊர்வன..."

"ஊர்ந்தால் என்ன, நடந்தால் என்ன. எத்தினை பேரின்ர கண் பட்டிருக்கு. வாறவை போறவையெல்லாம் அதைத்தானே பாக்கினம். தாடி கறுத்துப் போச்சு, நீ ரேடியோ போடுறாய். வதனி, செத்தல் மிளகாய் எடுத்துக்கொண்டு வா."

இப்போது நினைத்துப் பார்க்கும்போது, அந்த நோயைச் சரியாகக் கண்டுபிடித்த ஒரே பெரிய ஆள் செல்வமக்காதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாடியருக்கு உண்மையிலேயே கண்தான் பட்டிருந்தது. வைத்தியம்தான் கொஞ்சம் பிழையாகிவிட்டது.

காய்ந்த செத்தல் மிளகாயையும் உப்பையும் என் கையில் பொத்தித் தந்து, தொட்டியைச் சுற்றி மூன்றுதரம் சுற்றச் சொன்னார். வீட்டுக்காரன் சுற்றினால்தான் பலிக்குமாம். சுற்றினேன். "துப்பு" என்றார். துப்பினேன். (மண்ணில் விழாமல் பார்த்துக்கொண்டேன். சுகாதாரம்.) பிறகு அதைத் தாச்சியில் போட்டு மின்னடுப்பில் வைத்தோம். எல்லோரும் குசினி வாசலில் கூடி நின்று மோப்பம் பிடித்தோம். ஒரு மணமும் இல்லை.

செல்வமக்காவின் முகம் இறுகியது. "பாத்தியோ. மணக்கேல்லை. அவ்வளவு நாவூறு."

மிளகாய் எரிந்தும் கமறாவிட்டால் கண்பட்டது கடுமை என்று பொருள். ஊரில் விறகு நெருப்புக்கு அது சரியாக இருந்திருக்கலாம். எங்கள் மின்னடுப்பு சூடாகவே கனநேரம் எடுக்கும் என்பதை அந்த இடத்தில் நின்ற ஒருவரும் நினைக்கவில்லை. தினமும் அதில் தேநீர் வைக்கிற நான் உட்பட.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார் செல்வமக்கா. போட்டேன். மணக்கவில்லை. "இன்னும்." பை முழுவதையும் கொட்டினேன்.

அப்போது அடுப்புச் சுருள் சிவந்தது.

அந்தப் புகையை வர்ணிக்க என்னிடம் சொற்கள் இல்லை. அன்று மூச்சும் இருக்கவில்லை. மணியண்ணை யன்னலைத் திறக்க ஓடினார். குளிருக்கென்று போன கார்த்திகையில் யன்னல் முழுவதும் பிளாஸ்டிக் தாள் இழுத்து ஒட்டி, தலைமயிர் உலர்த்துகிற கருவியால் சூடாக்கி மேளத்தோல்போல இறுக்கி வைத்திருந்தேன். அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது, கிழிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுப் புகை மணி அடிக்கவில்லை. மீன் பொரிக்கிற நாளில் கத்துகிறது என்று அதற்கு ஒரு பொலித்தீன் பையைப் போட்டு ரப்பர் வளையம் மாட்டியிருந்தேன். (கட்டடத்தில் எல்லாத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான்.) ஆகவே புகையை வெளியேற்ற வாசல் கதவை அகலத் திறந்தோம். வழிநடையில் இருந்த புகை மணிக்கு யாரும் பை போட்டிருக்கவில்லை.

கட்டடம் முழுவதும் அலறியது. வதனி ஆரணிக்குச் சட்டையைப் போட்டு இழுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். போகிற போக்கில் ஆரணி தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் போனபின் நான் தொட்டிக்குள் கையை விட்டேன். அதுவரை தாடியரை யாரும் தொட்டதில்லை. தாடியை ஊதி வாயைப் பிளந்து எனக்கு முன்னால் எழுந்து நின்றார். நானும் இருமிக்கொண்டு கண்ணீரோடு நின்றேன். இரண்டு பேருக்கும் வேறு வழி இருக்கவில்லை. அவரை அள்ளி, பெனியனுக்குள் நெஞ்சோடு போட்டு, சாம்பல் சட்டையை மேலே மாட்டி, கோணல் சிப்பை இழுத்து, இருந்தபடியே இறங்கி ஓடினேன். இருந்தபடி என்றால், சாரமும் பனிச் சப்பாத்தும். (கட்டடத்தில் சூடு அதிகம். வீட்டுக்குள் எல்லோரும் சாரம்தான்.)

வெளியே மொத்தக் கட்டடமும் பனியில் நின்றது. முதல் மாடி ஹெயிட்டிக் குடும்பம் குழந்தையைப் போர்வையில் சுற்றிப் பிடித்திருந்தது. கட்டடத்தைப் பராமரிக்கிற மிஸ்யூ ரொஜே, வீட்டுச் செருப்போடு வந்து நின்று இருமிக்கொண்டிருந்தார். தமிழ் ஆம்பிளைகள் ஒரே சாம்பல் சட்டையில், ஒரே மாதிரித் தொப்பியை இழுத்துவிட்டு, ஒரே மாதிரி இருமினோம். தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. அந்த இரைச்சலுக்குள், எனக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்.

"அப்பா."

நான் உடனே திரும்பவில்லை. அது எனக்கான சொல் என்று என் காதுக்கு இன்னும் பழகவில்லை.

"அப்பா. இஞ்ச. அப்பா."

திரும்பினேன். ஆரணி பனிக்குள் கால் புதையப் புதைய வந்துகொண்டிருந்தாள்.

"அவர் எங்கை?"

நெஞ்சைக் காட்டினேன்.

"வெளியில எடுக்காதேங்கோ. குளிரும். தடவவும் வேண்டாம். சும்மா வச்சிருங்கோ."

சும்மா வைத்திருந்தேன். தாடியரின் நகங்கள் என் நெஞ்சு மயிரைப் பற்றியிருந்தன. நான் கண்ணீரைத் துடைக்கவில்லை. மிளகாய்ப் புகை என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள் என்ற வசதி, ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் இப்படி அடிக்கடி கிடைக்காது.

ஒரு தீயணைப்பு வீரர் என்னைக் கண்டார். சாரத்தோடு பனியில் நின்று, இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு அழுகிற ஒரு மனிதனைக் கண்டால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். மாரடைப்பு. ஓடி வந்து என்னைப் பனியில் இருத்தி, சிப்பை இழுத்தார். கோணல் சிப் பாதியில் இறுகியது. அந்த இடைவெளியால் கறுத்த தாடியோடு ஒரு முள்ளுத் தலை வெளியே வந்து அவரைப் பார்த்தது.

அந்த வீரர் நெருப்புக்குள் போகப் பழகியவர். இரண்டடி பின்னால் போனார். கூட்டம் முழுவதும் எட்டிப் பார்த்தது.

அப்போது ஆரணி எனக்கு முன்னால் வந்து நின்றாள். வீட்டில் ஆட்கள் வந்தால் வாய் திறக்காத பிள்ளை, தெருவில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தெளிவான பிரெஞ்சில், மூச்சு விடாமல் பேசினாள். அவள் பேசியதை மிஸ்யூ ரொஜே எனக்குப் பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "இவர் இங்கே புதுசு. எல்லாரும் பார்த்தபடியால்தான் இவருக்கு இப்படி வந்தது. தயவுசெய்து பார்க்காதீர்கள்."

அந்த வீரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, மற்றப் பக்கம் திரும்பி நின்றார். கூட்டத்தைப் பார்த்துக் கையால் ஒரு வட்டம் காட்டி ஏதோ சொன்னார். ஹெயிட்டிக் குடும்பம் திரும்பியது. மிஸ்யூ ரொஜே திரும்பினார். எங்கள் ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், செல்வமக்காதான் கடைசியாக. ஒரு ஓணானின் மனநிம்மதிக்காக மொன்ட்ரியால்-நோரில் ஒரு தெருவே முதுகைக் காட்டிக்கொண்டு பனியில் நின்றது. இந்த நாட்டைப் பற்றி யாராவது என்னிடம் குறை சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். சில குறைகளைச் சேர்த்தும் கொடுப்பேன். ஆனால் அந்த முதுகுகளை என்னால் மறக்க முடியாது.

எங்களோடு வீட்டுக்குள் வந்த தீயணைப்பு அதிகாரி எரிந்தது என்ன என்று கேட்டபோது ஆரணிதான் விளக்கினாள். செத்தல் மிளகாய்க் கருக்கலைக் கையில் வைத்து அவர் வெகுநேரம் யோசித்தார். பையைப் புகை மணியிலிருந்து அவரே கழற்றி, எனக்கு நீளமாக ஏதோ சொன்னார். "உய்" என்று வாயெடுத்தேன். ஆரணி என் கையைப் பிடித்து நிறுத்தி, முழுவதையும் தமிழில் சொல்லி முடித்தபிறகுதான் தலையாட்ட விட்டாள்.

தீயணைப்பு ஆட்கள் போனதும் அவள் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். தொட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து அவளுடைய அறை மூலையில் வைக்கச் சொன்னாள். மூன்று பக்கமும் குளிக்கிற துவாயால் மூடினாள். பொழுதுபட்டதும் விளக்கை அணைக்கச் சொன்னாள். ஒரு கிழமைக்குத் தொடக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, ஆட்களைக் கொண்டுவரக் கூடாது.

"உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"கடையில அந்த அன்ரி சொன்னவ."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் உய், உய் எண்டு சொன்னியள். விளங்கினது எண்டு நினைச்சன்."

துவாயின் ஒரு நுனியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "நானும் வந்த புதுசில அலுமாரிக்கைதானே இருந்தனான்."

அடுத்த ஞாயிறு நான் மணியண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளைக்குப் பாடம் இருக்கிறது, பேந்து வாங்கோ என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "ஓம் ஓம், தாடியருக்கும் ஓய்வு வேணும்" என்றார். செல்வமக்கா மட்டும் வந்தார். வாசலில் ஒரு சட்டி குழம்பை வைத்துவிட்டு, உள்ளே பாராமல், முதுகைக் காட்டியபடி திரும்பிப் போனார். அவர்கள் எல்லோரும் எங்களைப் பார்க்க வந்ததற்கும் நான் நன்றியுள்ளவன். வராமல் இருந்ததற்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஒருநாள் காலையில், அறைக்குள்ளிருந்து அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலிருந்த குடியேறிகளில் ஒன்றை ஆரணி பிடித்துப் போட்டிருக்கிறாள். தாடி மறுபடி மண்ணின் நிறத்துக்கு வந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

தாடியர் எங்களோடு கனகாலம் இருந்தார். என் நெஞ்சில் படுத்துத் தொலைக்காட்சி பார்ப்பார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் புதிதாக ஒரு மருமகளோ, பிள்ளையோ, ஊரிலிருந்து யாராவதோ வந்தால், "துவாய் போட்டாச்சோ?" என்று ஒருவர் கேட்பார், எல்லோரும் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போக மாட்டோம்.

போன வருடம் ஆரணி தன் மாப்பிள்ளையாகப் போகிறவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். துவாய்க் காலம் முடிந்த பிறகு, ஒரு பின்னேரம் இந்தக் கதையை அவருக்கு முழுவதும் சொன்னேன். பனியில் அத்தனை பேர் நடுவில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, அதுவரை சொல்லாத சொல்லை அவள் சொன்ன இடத்தில் வழக்கம்போல நிறுத்தினேன். அந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவேன். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. நல்ல பிள்ளை.

ஆரணி குசினியிலிருந்து தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எல்லாரும் ஒரே ஜக்கெட்" என்றாள் அவரிடம். "மாமா எண்டு கூப்பிட்டா பத்துப் பேர் திரும்பியிருப்பினம்."